சத்தம் பதிவாகாது

ஜூன் 9, திங்கள்

புது நோட்டு. வக்கீல் நஸ்ரீன் வாங்கச் சொன்னாள். "வீட்ல நடக்கறத தேதி போட்டு எழுதி வைங்கக்கா, கேஸுக்கு உதவும்" என்று வாட்ஸப்பில் செய்தி. சரி, முறையாகவே ஆரம்பிக்கிறேன். பெயர் பூங்கோதை. வயது நாற்பத்தொன்று. திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறேன். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயின. அதற்குள் எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் தமிழ் மட்டும் மிச்சம். ஸ்கேன் சென்டர் ஒன்றில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். உறையூரில் யாருக்கு எங்கே கட்டி என்று எனக்குத் தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்று நடந்தது: அழைப்பு மணி விளக்கு எரியவில்லை. கீழே வாசலில் மணியை அழுத்தினால் மாடியில் என் அறையில் சிவப்பு பல்பு எரியும். அப்பா செய்து கொடுத்த ஏற்பாடு. கேஸ் போட்ட மறுவாரத்திலிருந்து அது எரிவதில்லை. சிலிண்டர்காரர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கீழ் வீட்டில்தான் அண்ணி இருந்தாள். "நீதான் கதவத் தொறக்கல" என்றாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுபவள் மாதிரி வாயை அகலமாகத் திறந்து. மதியம் ரொட்டி.

ஜூன் 11, புதன்

நாளை சமரசப் பேச்சு. அப்பா உயில் எழுதவில்லை. ஹார்டுவேர் கடையை இருக்கும்போதே அண்ணன் கருணாகரன் பெயருக்கு மாற்றிவிட்டார். வீடும் தன் பெயருக்கு வேண்டும் என்று கருணா ஒரு பத்திரத்தோடு வந்து நின்றான். நான் படித்துப் பார்த்தேன். படிப்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பாதி எனக்கு என்று கேஸ் போட்டேன். கோர்ட், முதலில் பேசிப் பாருங்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் அனுப்பியிருக்கிறது.

"சைகைக்குத் தனியா ஆள் எதுக்கு, உங்க அண்ணனே சொல்லுவாரே" என்று கோர்ட்டில் ஒரு குமாஸ்தா கேட்டாராம். நஸ்ரீன் சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக அவன்தான் சொன்னான். பேங்கில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில். எதிரில் இருப்பவர் ஐந்து நிமிஷம் பேசுவார். என்ன சொல்கிறார் என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. பெண் டாக்டரிடம் அண்ணி வந்தாள். அன்று சாயங்காலமே என் உடம்பைப் பற்றி அத்தை வீடு வரைக்கும் தெரிந்திருந்தது.

அப்பா போன அன்றும் கருணாதான் சொன்னான். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருந்தோம். முகமூடிக்குள்ளே அப்பா ஏதோ நிறையப் பேசினார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து. உதடு தெரியவில்லை. கருணாவைக் கேட்டேன். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனான். அது எங்கள் வீட்டுச் சைகையில் தண்ணீர். ஓடிப்போய் வெந்நீர் ஆற்றி வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தேன். அப்பா குடிக்கவில்லை, தலையை ஆட்டினார். சூடு அதிகமாகிவிட்டதோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு ரோஸ்லின் வருகிறாள். அம்மா அப்பா இருவருக்கும் காது கேட்காது, அவர்கள் கையிலிருந்து பேச்சைக் கற்றவள். திருச்சியில் முறையாக மொழிபெயர்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் 12, வியாழன்

தில்லை நகரில் அலுவலகம். நீதிபதி வைத்தியலிங்கம், நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது. ரோஸ்லின் கருநீலச் சுடிதாரில் வந்தாள். கை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வேலைக்குப் போகும்போது பூப்போட்டது உடுத்த மாட்டாள். உள்ளே போனதும் நாற்காலிகளை நகர்த்தினாள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கை கறுப்பாகத் தெரியும் என்று, என்னை வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, அவள் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் எல்லாரும் சேர்ந்து. அதில் ஒன்றுமில்லை, கருணா ஒழுங்காக இருந்தான். பிறகு அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னோடு தனியாக. நஸ்ரீன் என் பக்கத்தில். நீதிபதி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, கதவைத் தாழிட்டார். ரோஸ்லின் அவர் சொன்னதைச் சொன்னாள்: "இங்க நீங்க சொல்றது உங்க சம்மதம் இல்லாம இந்த ரூமைத் தாண்டாது. கோர்ட்ல கூட யாரும் அதைக் கேக்க முடியாது. மொழிபெயர்க்கற பொண்ணுக்கும் அதே சட்டம்தான்." ரோஸ்லின் அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட்டாள்.

சுவரின் மேல் மூலையில் ஒரு கேமரா இருந்தது. இது என்ன என்று காட்டிக் கேட்டேன். நீதிபதி சிரித்தார். "திருட்டு பயத்துக்கு ஆபீஸ் பையன் மாட்டினது. படம் மட்டும்தான்மா. சத்தம் பதிவாகாது." ரோஸ்லின் சொன்னாள். நஸ்ரீன் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன்.

எழுதிக் கொடுக்கலாமே என்று நஸ்ரீன் முன்பே சொல்லியிருந்தாள். மாட்டேன் என்றுவிட்டேன். எழுதினால் என் கோபமெல்லாம் மனு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தடவையாவது என் பாஷையில், என் ஆளை வைத்து, கருணா இல்லாத அறையில் பேச வேண்டும். பேசினேன். பாதி வீடு கேட்டாலும் மாடியை மட்டும் என் பெயரில் எழுதிக் கொடுத்தால் எனக்குப் போதும் என்றேன். ஏன் இப்போது அவசரம் என்று கேட்டார். அமலதாஸைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், என்னைப் போலவே காது கேட்காதவர், கிறிஸ்தவர், மனைவி இறந்து ஆறு வருஷம். தை மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், அவர் தன் மகளிடம் இன்னும் சொல்லவில்லை, அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. இதையெல்லாம் கையை விரித்து, நிதானமாக, வெட்கமில்லாமல் சொன்னேன். ரோஸ்லினின் கன்னத்தில் குழி விழுந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தபோது கருணா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனோடு தனிப் பேச்சு அடுத்த முறை.

ஜூன் 13, வெள்ளி

ஐம்பத்திரண்டு ரிப்போர்ட். ஒரு பிழைகூட இல்லை. சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கினேன், காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் ஜங்ஷன் பக்கத்துப் பூங்காவில் கூடுவோம். பத்து மணிக்கு வந்தால் போகும்போது நாலு ஆகும். விடைபெறவே ஒரு மணி நேரம். எங்களில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு, மற்றவர்கள் பார்த்து வைப்பது. என் பெயர் தோளில் விழும் பின்னல். அமலதாஸ் பெயர் மூக்குக்கண்ணாடி. ரோஸ்லின் பிறந்தபோதே எங்கள் ஆட்கள் கன்னத்தில் விரலை அழுத்தி அவளுக்குக் குழி என்று பெயர் வைத்தார்களாம்.

அமலதாஸ் வறுகடலை வாங்கித் தந்தார். மகளிடம் ஆடி போனதும் சொல்கிறேன் என்றார். நீதிபதியிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அறையைத் தாண்டாததைச் சொல்வானேன்.

ஜூன் 18, புதன்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கருணா மொட்டைமாடிக்கு வந்தான். கடையை விட்டுவிட்டு இந்த நேரத்தில் வரவே மாட்டான். கை பேசியது, வாயும் பேசியது.

"வேதக்காரனக் கட்டிக்கப் போறியாம். அவனுக்குத்தான் எங்கப்பா கட்டின மாடி கேக்குதா?"

ஈரத்துணி கையிலேயே இருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"தை மாசமாம். லென்ஸ் தேய்க்கிறவனாம். நீ பாதி வீடு கேட்டதெல்லாம் சும்மா, மாடி போதும்னு இருக்க. நீ உயிரோட இருக்கற வரைக்கும் மாடில இருந்துக்க. பேர்ல எழுதித் தர மாட்டேன். அவ்ளோதான்."

தை மாதம். லென்ஸ். மாடி போதும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு இடத்தில்தான் என் கையிலிருந்து வந்தன. அங்கே இருந்தது நான், நீதிபதி, நஸ்ரீன், ரோஸ்லின்.

துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டேன். இப்போது நாற்றம் அடிக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

தில்லை நகரில் நான் சொல்லிவிட்டதை நேற்று அமலதாஸிடம் ஒப்புக்கொண்டேன். இன்று அவர் வீடியோ அனுப்பினார். கருணா இரண்டு பேரோடு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறான். முதலாளியின் முன்னால் சத்தம் போட்டிருக்கிறான். அமலதாஸின் மகள் அங்கேதான் கணக்கு எழுதுகிறாள். அவளிடம், "உங்கப்பன் எங்க சொத்துக்காக ஊமைச்சியைப் புடிச்சிருக்கான்" என்றானாம்.

அமலதாஸ் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து கேட்டார். "என் பொண்ணுகிட்ட நான் சொல்றதுக்கு முன்னாடி உங்கண்ணன் சொல்லிட்டான். நான் இன்னும் சொல்லாததை நீ எதுக்கு ஆபீஸ்ல போய்ச் சொன்ன?" கடைசியில் கையை விசிறி, வேண்டாம் என்றார். அவ்வளவுதான். ஏழு தடவை போட்டுப் பார்த்தேன், வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

நீதிபதிக்கு என் கல்யாணத்தால் என்ன லாபம். நஸ்ரீனுக்குக் கேஸ் கெட்டால் பெயர்தான் கெடும். மிச்சம் ஒருத்தி. அவளுடைய அம்மா அப்பா எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் சொந்தம் மாதிரி. வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அங்கிருந்து எங்கே போகாது.

காலையில் பல் தேய்க்காமலே உட்கார்ந்து வீடியோ எடுத்தேன். எங்கள் குரூப்பில் போட்டேன். சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வாழ்க்கையை வெளியே விற்றவள் இவள், இவளை நம்பி டாக்டரிடமோ வக்கீலிடமோ போகாதீர்கள் என்றேன். முகத்தில் கோபம் நன்றாக வந்திருந்தது. மத்தியானத்துக்குள் மதுரை, சென்னை, பெங்களூர் வரைக்கும் போய்விட்டது. பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கு நடந்த துரோகங்களைச் சொன்னார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு நாளாகத் தேக்கி வைத்திருந்திருக்கிறார்கள்.

மனசு ஆறிவிட்டது என்று எழுத நினைத்தேன். ஆறவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ரோஸ்லின் வந்தாள். மணி அடித்தும் விளக்கு எரியாததால் தெருவில் நின்று என் ஜன்னலுக்கு டார்ச் அடித்தாள். மேலே வரச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"நான் சொல்லலக்கா. எங்கம்மாகிட்டகூட சொல்லல."

வேறு யார் என்றேன்.

"தெரியல. யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது." அவள் கை சுத்தமாக, நிறுத்தி நிறுத்தி, மொழிபெயர்க்கும்போது வருவது போலவே வந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அழுதுகொண்டே பேசுபவள் கையில் அவ்வளவு ஒழுங்கு எதற்கு. "பேசியிருந்தா யார்கிட்ட பேசினேன்னு கண்டுபுடிச்சிடலாம். பேசாம இருந்ததை எப்படிக்கா நிரூபிக்கிறது?"

போ என்றேன். படியிறங்கும்போது அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

பூங்காவுக்குப் போனேன். அமலதாஸ் வரவில்லை. ரோஸ்லினின் அப்பா வந்தார். எழுபது வயது, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வருபவர். அவர் பக்கத்தில் வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வட்டத்துக்குப் போனார். அங்கேயும் கைகள் இறங்கின. கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். விடைபெற ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் அவருக்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

எங்கள் காது கேளாதோர் சங்கத்தில் ரோஸ்லினை நீக்கிவிட்டார்களாம். அவளுடைய பெயரையும் மாற்றிவிட்டார்கள். கன்னத்தில் விரல் இல்லை, மூடாத குழாயிலிருந்து சொட்டுகிற மாதிரி விரல்களை உதறுகிறார்கள். எனக்குக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 3, வியாழன்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது அமர்வு. சைகைக்கு மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். முதலில் கருணாவோடு தனிப் பேச்சு. நஸ்ரீன் கோர்ட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். மதுரைக்காரர் டீ குடிக்கப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். போன தடவை கருணா உட்கார்ந்த அதே பெஞ்ச்.

எதிரே வரவேற்பு மேஜைக்கு மேலே சுவரில் பெரிய டிவி. வாசலிலிருந்து வருபவர்களுக்கு அது தெரியாது, பெஞ்சில் உட்கார்ந்தால் நேருக்கு நேர். பாதியில் கேட், பாதியில் நீதிபதியின் அறை. அறையில் என் நாற்காலியில் கருணா. ரோஸ்லின் வெளிச்சத்துக்காக நகர்த்திப் போட்ட நாற்காலி, அப்படியேதான் இருந்தது. முகம், கை, சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

எல்லாம் ஒரு விநாடியில் புரிந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் பதிவாகாது. காது கேட்கிறவர்களுக்கு ரகசியம் என்றால் சத்தத்தை அடைப்பது. ஜன்னலைச் சாத்தினார்கள், கதவைத் தாழிட்டார்கள். என் பேச்சை மட்டும் சுவரில் ஓட விட்டார்கள். எந்தச் சைகையானாலும் முப்பது வருஷமாக என் கையைப் படிப்பவன் இந்தப் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்திருக்கிறான். அதற்கு நானே தலையாட்டிவிட்டு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த டிவியில் நடப்பது ஒன்றுமே இல்லை.

எழுந்து போயிருக்க வேண்டும். கதவைத் தட்டியிருக்க வேண்டும். ரோஸ்லின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கருணாவின் உதட்டை முப்பது வருஷமாகப் படிக்கிறேன். உதட்டில் பாதிதான் வரும். ஆனால் அவன் என்னோடு வளர்ந்தவன், மனசு கலங்கினால் வாயோடு கையும் சேர்ந்து பேசும், அது அவனுக்கே தெரியாது. மீசையைத் தொட்டான், அப்பா. முகத்தின் மேல் கையைக் குவித்தான், அந்த முகமூடி. தோளில் கையை ஓடவிட்டான், பின்னல், அது நான். பிறகு இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்து, அதை அப்படியே பின்னல் பக்கம் தள்ளினான். "வீடு கோதைக்குடா. உனக்குத்தான் கடை இருக்குல்ல." உதடும் அதையே சொன்னது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனான். நீதிபதியைப் பார்த்துச் சொன்னான். "அவ கேட்டா. நான் தண்ணின்னு சொல்லிட்டேன்."

அழுதான். கருணா அழுது நான் பார்த்ததில்லை.

அப்பா தலையை ஆட்டியது வெந்நீர் சுட்டதால் இல்லை.

பிறகு கதவு திறந்தது. கருணா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நீதிபதி என்னை உள்ளே கூப்பிட்டார். பழைய புன்னகை. அவருக்குத் தெரியும், ஆனால் சட்டம் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. கருணாவின் ரகசியத்தைக் காப்பாற்றும் விஷயத்தில் சட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது. எனக்குத் தலைவலி என்று மதுரைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. வெள்ளி டம்ளரைத் தேய்த்துப் பரணில் வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வீடியோ எடுத்தேன். ரோஸ்லின் சொல்லவில்லை, கேமராதான், தப்பு என்னுடையது. நன்றாகவே வந்திருந்தது. போடுவதற்கு முன் யோசித்தேன். கேமராவைப் பற்றிச் சொன்னால் டிவியைப் பற்றித் தெரியும். டிவியைப் பற்றித் தெரிந்தால் வியாழக்கிழமை நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் தெரியும். கருணா உஷாராகிவிடுவான். பத்தாம் தேதிதான் அடுத்த பேச்சு. நாலு நாள் தாமதித்தால் ரோஸ்லினுக்கு என்ன குறைந்துவிடும்.

அழித்துவிட்டேன். பிறகு ஒரு வாரத் துணியையும் துவைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தோம். கருணா பழைய பாட்டையே பாடினான், இருக்கும் வரை இருந்துக்க, பேர்ல எழுத மாட்டேன். நான் மதுரைக்காரரைக் கை காட்டி நிறுத்தினேன். கருணாவின் பக்கம் திரும்பி, அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த எங்கள் வீட்டுச் சைகையில் கேட்டேன்.

"அண்ணா, அப்பா கேட்டது தண்ணியா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நீதிபதியிடம் திரும்பினான். "சார், நீங்க சொன்னீங்களா?"

நீதிபதி எழுந்தேவிட்டார். "நான் ஒரு வார்த்தை சொல்லல. என் சர்வீஸ்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அவர் கண் ஒரு நொடி சுவரின் மேல் மூலைக்குப் போய்த் திரும்பியது. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மதுரைக்காரர் என்ன நடக்கிறது என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

அரை மணியில் முடிந்தது. மாடி முழுவதும் என் பெயரில், தனிப் படிக்கட்டோடு. முழு வீட்டையும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான், அப்படி உட்கார்ந்திருந்தான். நான் மாடியை மட்டும்தான் கேட்டேன். அதில் எனக்கு ஏதோ பெருந்தன்மை மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் நஸ்ரீன் தட்டச்சு செய்து காட்டினாள். "அக்கா, அவருக்கு என்ன ஆச்சு திடீர்னு? என்ன கேட்டீங்க?" பழைய கதை என்றேன். "மோசடின்னு சொல்லி இந்த ஒப்பந்தத்தை எதிர்க்க மூணு மாசம் டைம் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம்" என்றாள்.

மூன்று மாதம். சரி.

ஜூலை 17, வியாழன்

ஒப்பந்த நகல் வாங்க தில்லை நகர் போனேன். கேமராவின் மேல் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. டிவி இருந்த இடத்தில் காலண்டர். நீதிபதி எனக்கு டீ வரவழைத்தார். நல்ல டீ.

ஆகஸ்ட் 20, புதன்

பத்திரப் பதிவு. சைகைக்கு ஆள் கிடைக்கவில்லை. மதுரைக்காரர் வேறு ஊரில் இருந்தார். சங்கத்தில் ஒருவனைக் கேட்டேன். "திருச்சிக்கு யாரும் இல்ல. இருந்தது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு விரல்களை உதறிச் சொட்டிக் காட்டினான். துணிக்கடையில் பில் போடுகிறாளாம். நாள் முழுக்க நின்றுகொண்டே.

பதிவாளர் அடர்ந்த மீசைக்காரர், உதடே தெரியவில்லை. இந்தம்மாவுக்கு யார் சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும். கருணா கையைத் தூக்கினான். நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லை, தலையாட்டினேன்.

பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிப் புரட்டி நீளமாகப் பேசினார். நடுவில் ஒரு முறை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கருணா பதில் சொன்னான். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போடச் சொல்றார்."

பத்திரத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பத்திரம் சரியாக இருந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று நஸ்ரீனைக் கேட்டேன். அவள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாளாம், கவனிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூங்காவுக்குப் போகவில்லை. போன வாரமும் போகவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று மாதம் முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லலாம். தீபாவளி வேறு வருகிறது, அந்த நேரத்தில் எதற்கு. முடியட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாவுக்கு வருஷ திதி. கீழே கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். அண்ணி இரண்டாவது முறையும் பாயசம் ஊற்றினாள். கருணா பந்தியில் எனக்கு முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் போனான், நான் எடுக்கவில்லை.

மணி விளக்கை என் காசில் ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். ஒயர் கீழே வெட்டப்பட்டிருந்ததாம். இப்போது நன்றாக எரிகிறது. யாரும் வருவதில்லை, பரிசோதிக்க நானே இறங்கிப்போய் அழுத்திவிட்டு மேலே ஓடிவர வேண்டியிருக்கிறது. அமலதாஸ் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார் என்று கேள்வி.

மூன்று மணிக்கு ரோஸ்லினிடமிருந்து செய்தி வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு. வீடியோ அனுப்பவில்லை, எழுதித்தான் அனுப்பியிருந்தாள்.

"கோதைக்கா, நல்லாருக்கீங்களா. அப்பா பூங்காவுக்குப் போறதையே விட்டுட்டார். பேசறதுக்கு அம்மா மட்டும்தான். உங்க கேஸ் முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். அன்னைக்கு உங்கண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு உங்களுக்கு ஏதாவது தெரிய வந்துதாக்கா? வேற ஒண்ணும் வேணாம், அப்பாகிட்ட காட்டணும். அவ்ளோதான்."

நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது. கேமரா என்று ஆரம்பித்தேன், அழித்தேன். தப்பு என்று ஆரம்பித்தேன், அழித்தேன். தட்டச்சில் என் விரல் இவ்வளவு தடுமாறியதே இல்லை.

கடைசியில் இரண்டே வார்த்தை அனுப்பினேன்.

"அப்புறம் சொல்றேன்."

மொட்டைமாடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து மடித்து வைத்தேன்.